வாசல்காரிக்குக் கை வந்தது

எங்க புன்னக்காட்டுவிளை அண்டி ஆபீஸ் வாசல்ல ஒரு பொம்பள, ஆள் உயரத்துக்கு மூணு மடங்கு உயரத்துல, நீலச் சேலை கட்டி, நெத்தியில பொட்டு வச்சு, வாறவங்க போறவங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, கையில்லாம நின்னுட்டு இருந்தா. சுவர்ல வரைஞ்ச பொம்பளதான். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுதேன், அண்டின்னா முந்திரிக்கொட்டை. அதை வறுத்து, ஓட்டை உடைச்சு, பருப்பெடுக்கிற ஃபாக்டரிக்கு எங்க பக்கம் ஆபீஸ்னுதான் பேரு, நாங்க தரையில சம்மணம் போட்டு இருந்து கொட்டை உடைச்சாலும் போறது ஆபீஸுக்குத்தான், அதுல யாரும் சிரிக்க வேண்டாம்.

அவளை வரைஞ்சது மார்த்தாண்டத்துல இருந்து வந்த போர்டு எழுதுற ஆளு. மொகத்தை அவ்வளவு அழகா வரைஞ்சாரு, கழுத்துல அட்டியல், காதுல கம்மல், சேலையில சரிகை, எல்லாம் வரைஞ்சாரு, முழங்கை வரைக்கும் வந்ததும் "கை நாளைக்கு"ன்னு சொல்லி ஏணியை விட்டு இறங்கினாரு, மறுநாளும் நாளைக்குன்னாரு, அதுக்கு மறுநாளும் நாளைக்குன்னாரு, பெறகு ஆளையே காணல. அந்த ஆளு வரைஞ்ச மத்த படங்களைப் போய்ப் பாத்தாதான் எங்களுக்கு வெவரம் பிடிபட்டுது: ஜவுளிக்கடைச் சுவர்ல நிக்கிற மாப்பிள்ளைக்குக் கை பாண்ட் பாக்கெட்டுக்குள்ள, ஆஸ்பத்திரிச் சுவர்ல நிக்கிற டாக்டருக்குக் கை முதுகுக்குப் பின்னால, நாட்டியப் பள்ளிக்கூடத்துச் சுவர்ல ஆடுற பிள்ளைக்குக் கூட கை முந்தானைக்குள்ள. அந்த மனுசனுக்குக் கை வரையத் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி.

நாங்க அவளுக்கு வாசல்காரின்னு பேரு வச்சோம். கையில்லன்னு யாரும் குறை சொல்லல, ஏன்னா கை இருந்தும் வெளிய காட்டாதவங்கதான் நாங்க அத்தன பேரும். அண்டி ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு, அது பட்ட இடம் பொள்ளும், பொள்ளின தோல் உரியும், உரிஞ்ச இடத்துல கறுப்பு ஏறும், ஏறின கறுப்பு சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது, செபத்துக்கும் போகாது. கல்யாண வீட்டுல பந்தியில இருந்தா சோத்தை வேகமா உண்டுட்டு கையை முந்தானைக்குள்ள சொருகிக்கிடுவோம். நான் தங்கபாய். தல்லு ஷெட்டுல முதல் வரிசை. தல்லுறதுன்னா கட்டையால அடிச்சு ஓடு உடைக்கிறது. எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க, நீளம்தான், அதனாலதான் இந்தக் கதையை நான் சொல்லுதேன்.

எனக்குப் பக்கத்துல இருந்து தல்லுறவ லில்லிபாய். வயசு முப்பத்தஞ்சு தாண்டியிருக்கும், அதிகம் பேச மாட்டா, ஆனா கரிஞ்ச ஓட்டுத் துண்டு ஒண்ணு கையில கிடைச்சாப் போதும், தரையில எங்க மொகத்தை எல்லாம் வரைஞ்சு போடுவா. எனக்க மூக்கை வரைஞ்சா அது எனக்க மூக்கு, வேற ஒருத்திக்க மூக்குன்னு சாட்சி சொல்ல முடியாது. ஆனா கைன்னு வந்தா அவளுக்கும் அந்த மார்த்தாண்டத்து ஆளு பட்ட பாடுதான். விரல் வரைஞ்சா வெண்டைக்காய் கணக்கா இருக்கும். ஒருக்க எனக்குச் சீப்பு வாழைப்பழத்தைக் கையா வரைஞ்சு வச்சிருந்தா. "எட்டீ, இதை வச்சு நான் எப்படிட்டி கஞ்சி குடிக்க?"ன்னு கேட்டேன், ஷெட்டே சிரிச்சுது, அவ மட்டும் சிரிக்கல, அந்தக் கையை முழங்கையால அழிச்சுட்டுத் திரும்ப வரைஞ்சா.

அந்த வருசம் பம்பாய்ல இருந்து பருப்பு வாங்குற பெரிய பார்ட்டி ஒண்ணு ஆபீஸைப் பாக்க வரப்போகுதுன்னு சொன்னாங்க. எங்க முதலாளி சுகுமாரன் ஆளு மோசமில்ல, ஆனா எல்லாம் பளபளன்னு இருக்கணும் அவருக்கு, செருப்பில மண்ணு பட்டாலும் முகம் வாடிப்போகும். வாசல்லயே கையில்லாத பொம்பள நின்னா வாறவன் என்ன நினைப்பான்னு அவருக்குக் கவலை. லில்லி வரையுற சேதி எப்படியோ காதுக்கு எட்டி, ஷெட்டுக்கே வந்து நின்னாரு.

"லில்லி, மழைக்கு முந்தி வாசல்காரிக்கு ரெண்டு கை வச்சுக் கொடு. வணக்கம் சொல்லுற மாதிரி. எனக்குப் பிடிச்ச மாதிரி வந்தா ஒன்னை கிரேடிங்குக்கு மாத்துதேன், இனி ஒருநாளும் நீ ஓட்டைத் தொட வேண்டாம்."

கிரேடிங்னா டியூப் லைட்டுக்கு அடியில, மேசையில, வெளுத்த பருப்பை மட்டும் தரம் பிரிக்கிற வேலை. அங்க போன கையில திரும்பத் தோல் வரும். லில்லிக்கு அது வெறும் சுகத்துக்கு இல்ல. அவளுக்க வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் எண்ணெய் ஊறி விறைக்கத் தொடங்கியிருந்துது, இன்னும் ஒரு வருசம் ஷெட்டுல இருந்தா அந்த ரெண்டு விரலும் மடங்காதுன்னு ஆஸ்பத்திரியில கண்டிச்சுச் சொல்லியிருந்தாங்க. மடங்காத விரல்ல பிரஷ்ஷை எப்படிப் பிடிக்க? கொட்டையத் தல்லுறதுக்கு மிச்ச மூணு விரல் போதும், வரையுறதுக்கு அந்த ரெண்டும் இல்லாம முடியாது. ஆக, அவளுக்கு அந்தச் சுவர்தான் வழி. எங்களுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது.

அன்னையில இருந்து லில்லி கையைத் தவிர வேற எதையும் பாக்கல. பஸ்ல வந்தா கம்பியைப் பிடிச்சிருக்கிற கையைப் பாப்பா, டீக்கடையில கட்டஞ்சாயா ஆத்துற கையைப் பாப்பா, மாதா கோயில்ல நன்மை அப்பம் வாங்க நீட்டுற கையைப் பாப்பா, பாத்துப் பாத்து எங்கிட்ட வந்து சொல்லுவா. "அக்கா, நடுவிரல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உள்ளங்கையும்." ஈர்க்குச்சியை ஒடிச்சு எங்க கையில வச்சு அளந்து பாத்தா, உண்மைதான். "அக்கா, விரல் மடங்குற மொட்டு எல்லாம் ஒரே வரிசையில இல்ல, வளைஞ்சு போகுது." மடக்கிப் பாத்தோம், உண்மைதான். "அக்கா, பெருவிரல் மத்த விரலோட நிக்கல, அது தனியா பக்கவாட்டுல இருந்து பொறப்படுது." இத்தன வருசம் எங்க கூடவே இருந்த கை, அதுக்க வெவரம் ஒண்ணும் எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு வெக்கமா இருந்துது. முதல்ல விரலை வரையக் கூடாது, கைக்க மொத்த உருவத்தை ஒரு கட்டியா வரையணும், பெறகுதான் விரலைப் பிரிக்கணும், விரலைப் பாக்கிறதை விட விரலுக்கு நடுவுல உள்ள இடைவெளியைப் பாத்தா தப்பு வராதுன்னு அவளா ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு, ஷெட்டுத் தரை பூரா கையா வரைஞ்சு வச்சா, நாங்க கையை மிதிக்காம நடக்கப் படிச்சோம்.

ஏணி வச்சு வாசல்காரிக்கு அவ வரைஞ்ச முதல் கையைப் பாத்தோம். அளவு சரி, எலும்பு சரி, வளைவு சரி, ஆனா உயிரில்ல. சொல்ல மனசு வராம எல்லாரும் என்னைப் பாத்தாங்க, நீளமான வாய் பின்ன எதுக்கு இருக்கு?

"எட்டீ மக்ளே, செத்தவளுக்க கையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்குட்டீ."

லில்லி ஏணியில நின்னு கொஞ்ச நேரம் சுவரைப் பாத்தா. பெறகு இறங்கி வந்து, எனக்க கையைப் பிடிச்சு, மொகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாத்தா. "சாம்பல்"னா.

விசயம் இதுதான். எண்ணெய் பொள்ளாம இருக்க நாங்க தல்லத் தொடங்கும் முன்னால கையில அடுப்புச் சாம்பலைப் பூசுவோம். பூசிட்டு, வறுத்த அண்டி டிரம்முல இருந்து வாற வரைக்கும் கையை மடியில வச்சுட்டுச் சும்மா இருப்போம். எங்க கை அசையாம இருக்கிற நேரம் ஒரு நாள்ல அது ஒண்ணுதான், லில்லி பாத்து வரைஞ்சதெல்லாம் அந்த நேரத்துக் கை. சாம்பல் ரேகையை அடைச்சிரும், காயத்தை மூடிரும், நிறத்தைக் கொன்னுரும். அவ வரைஞ்சது எங்க கையை இல்ல, எங்க கைக்கு மேல இருந்த சாம்பலை.

அவ என்னைப் பம்புக்குக் கூட்டிட்டுப் போய், சோப்புப் போட்டு, தேங்காய் நாரை வச்சுத் தேச்சுக் கழுவி, வெயில்ல நீட்டச் சொன்னா. நானும் பாத்தேன். கறுப்புன்னு நாங்க சொல்லிட்டு இருந்தது ஒரே கறுப்பு இல்ல. நகக்கண்ணுல நீலக் கறுப்பு, விரல் நுனியில பனங்கருப்பட்டி நிறம், பொள்ளி உரிஞ்ச இடத்துல ரோஸ் நிறத்துல புதுத் தோல், மொட்டு மடங்குற இடத்துல செவப்பு, உள்ளங்கையில மஞ்சள், புறங்கையில பச்சையா ஒரு நரம்பு ஓடி மணிக்கட்டுல முங்குது.

"அக்கா, இத்தன காலமா நான் ஒங்க கையைப் பாத்ததே இல்ல"ன்னா.

"நான் மட்டும் பாத்தேனாட்டி?"ன்னேன்.

மறுநாள் மத்தியானக் கஞ்சி முடிஞ்சதும் எல்லாரும் பம்படியில வரிசை கட்டினாங்க. ஜெபமணிக்க கை, எஸ்தருக்க கை, பூமணி அக்காளுக்க கை, ஒவ்வொரு கையும் கழுவி ஒவ்வொரு கையும் நீட்டி, லில்லி ஒவ்வொரு கையா வாங்கி, திருப்பிப் பாத்து, மடக்கிப் பாத்து, அந்த நிறத்துக்கு இந்தப் பெயிண்ட்டு, இந்த நிறத்துக்கு அந்தப் பெயிண்ட்டுன்னு தேங்காச் சிரட்டையில கலக்கிக் கலக்கி வச்சா. பம்படியில கையை மறைக்காம நாங்க நின்ன முதல் நாள் அது. "இனி ஒங்களுக்கு மருதாணியும் வேணுமா?"ன்னு சூப்பர்வைசர் வில்சன் கேலி பேசினாரு, "ஒமக்க கையையும் கொண்டாரும் ஓய், பேனா பிடிச்சுத் தேஞ்ச கை எப்படி இருக்குன்னு பாப்போம்"னு எஸ்தர் விட்டா ஒரு சொல்லு, மனுசன் இடத்தைக் காலி பண்ணிட்டாரு.

ஆனா கும்பிட்ட கை வரைஞ்சு முடிக்கப் போற நேரம் வில்சன்தான் முதல்ல கண்டுபிடிச்சாரு. "என்ன லில்லி, ரெண்டு உள்ளங்கையும் ஒட்டல? நடுவுல ஓட்டை தெரியுதே? வணக்கம்னா இப்படியா?"

நாங்க அண்ணாந்து பாத்தோம். வாசல்காரி கும்பிடுறா, விரல் நுனி ஒட்டியிருக்கு, மணிக்கட்டு ஒட்டியிருக்கு, நடுவுல ஒரு அண்டி போற அளவுக்கு இடைவெளி. லில்லி பாத்ததைத்தான் வரைஞ்சா. அப்ப பூமணி அக்கா மெதுவா தனக்க ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டா. நடுவுல ஓட்டை. நான் கும்பிட்டேன். ஓட்டை. ஷெட்டுல உள்ள அத்தன பேரும் வாசல்ல நின்னு கும்பிட்டோம், அத்தன பேருக்கும் ஓட்டை. பிள்ளப் பிராயத்துல இருந்து கொட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பெருவிரல் உள்ள வளைஞ்சு அப்படியே நின்னுபோச்சு, கைக்குள்ள அண்டி இல்லாத நேரமும் அதுக்குள்ள இடத்தை ஒழிச்சு வச்சிருக்கு. அம்மாடி, நாங்க சிரிச்ச சிரிப்பு! கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம், தண்ணி வந்த பெறகு சிரிப்பு நின்னுபோச்சு, ஆனா யாரும் கையைக் கீழ போடல.

"இருக்கட்டும்ட்டி"ன்னா பூமணி அக்கா. "இது நம்ம கும்பிடு."

அப்புறம் லில்லி ஏணியில ஏறி, பாக்கி இருந்த இடது பெருவிரல் நகத்தை வரைஞ்சா. நகத்துக்கு ஓரத்துல அந்த நீலக் கறுப்பை வச்சு, பிரஷ்ஷை எடுத்தாளோ இல்லியோ, வாசல்காரி கும்பிட்ட கையைப் பிரிச்சு, வலது மணிக்கட்டால நெத்தி வேர்வையைத் துடைச்சா. லில்லி தலையைக் கொஞ்சம் சாய்ச்சு அந்தக் கைக்கு வழி விட்டு, "பொறு, பெயிண்ட் காயல"ன்னா. நாங்க கவனிச்சது வேற. அவ விரலால துடைக்கல, மணிக்கட்டால துடைச்சா. தல்லுறவ விரலைக் கொண்டு மொகத்தைத் தொட மாட்டா, எண்ணெய் பட்டா கண்ணு போயிரும். ஆக அவ நம்ம ஆளுதான்னு உறுதியாச்சு. நேரம் ஆகிப்போச்சேன்னு எல்லாரும் உள்ள போய்த் தல்லத் தொடங்கினோம்.

ஊரு அவளுக்குப் பழகிப்போக ரொம்ப நாள் ஆகல. காலையில பஸ் திரும்புற இடத்துல டிரைவர் ஹார்ன் அடிப்பாரு, வாசல்காரி கை காட்டுவா, அவ காட்டலன்னா எதிர்ல லாரி வருதுன்னு அர்த்தம். ஸ்கூல் பிள்ளைகள் ஷூ லேசைக் கெட்டச் சொல்லிக் காலைச் சுவர்ல தூக்கி வச்சிட்டு நிப்பாங்க, அவ குனிய முடியாது, ஆனா கை நீண்டு வந்து கெட்டிக் கொடுக்கும். காய்ச்சல்காரங்க நெத்தியைக் கொண்டு கொடுப்பாங்க, சுவர் குளிர்ச்சி, தொட்டா இதமா இருக்கும். அம்மன் கோயில்காரங்க இவ அம்மன்தான்னு மாலை கொண்டு வந்தாங்க, நம்ம கோயில்காரங்க இவ மாதாதான்னு மெழுகுதிரி கொண்டு வந்தாங்க, அவ மாலையை வாங்கி மெழுகுதிரி கொண்டு வந்தவளுக்கும், மெழுகுதிரியை வாங்கி மாலை கொண்டு வந்தவளுக்கும் கொடுத்துட்டா, ரெண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு வீட்டுக்குப் போச்சு. யூனியன்ல அவளைச் சேக்கணுமா வேண்டாமான்னு ஒரு சாயங்காலம் பூரா பேச்சு, கடைசியில கை தூக்கி ஓட்டுப் போடச் சொன்னப்போ சுவர்ல அவளும் கை தூக்கினா, சேத்தாச்சு.

எல்லாத்தையும் விட பெரிய சண்டை அது யாருக்க கைங்கிறதுதான். அந்தத் தழும்பு எனக்க தழும்புன்னு ஜெபமணி சொல்லுவா, அந்தச் சுட்டுவிரல் எனக்கதுன்னு எஸ்தர் சொல்லுவா, நரம்பு எனக்கதுதான், அதுல சந்தேகமே இல்ல. பக்கத்து ஊருக்குக் கட்டிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் வந்து அம்மைக்க கையைச் சுவர்ல தேடிக் கண்டுபிடிச்சு, பிடிச்சுட்டு நின்னுட்டுப் போனாங்க. பஸ்ல ஒருத்தி என்னைப் பாத்து, "நீங்க அந்தக் கை இருக்கிற ஊர்க்காரங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். எனக்க கையை அவளுக்குக் காட்டினேன். அன்னைக்கு எனக்கு வந்த கெத்து இருக்கே, எனக்கக் கல்யாணத்தன்னைக்குக் கூட வரல.

முதலாளி டவுன்ல இருந்து வந்து பாத்தாரு. கை அசையுறதுல அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது கறுத்த கையா இருக்கிறதுலதான் வருத்தம்.

"என்ன லில்லி இது? பார்ட்டி வந்ததும் முதல்ல பாக்கப்போறது இந்தக் கையை. கை இப்படி இருந்தா பருப்பைப் பத்தி என்ன நினைப்பான்? நல்லா வெளுப்பா, விரலெல்லாம் நீட்டமா, நகத்துல பாலிஷ் போட்டு வரைஞ்சு கொடு. அந்த ஓட்டையையும் அடைச்சிரு. திங்கக்கிழமை கிரேடிங்ல ஒனக்கு இடம் போட்டு வைக்கேன்."

லில்லி வெள்ளையையும் ரோஸையும் சிரட்டையில கலக்கினா. நாங்க யாரும் அவளை வேண்டாம்னு சொல்லல, சத்தியமாச் சொல்லுதேன், எங்களுக்குச் சுவர்ல உள்ள கையை விட அவளுக்க கை பெருசு. அவ ஏணியில ஏறினதும் வாசல்காரி என்ன செய்தா தெரியுமா? வலது கையை அவ முன்னால நீட்டி, விரலை விரிச்சுக் கொடுத்தா. எனக்கப் பிள்ள ஒரு வழி கண்டு போகட்டும்னு பெத்தவ ஒருத்தி காதுக் கம்மலைக் கழத்திக் கொடுக்கிற மாதிரி கொடுத்தா, ஒரு அசைவில்ல.

லில்லி சுண்டுவிரலுக்கு வெள்ளை பூசினா. பாத்தா. பிரஷ்ஷைச் சிரட்டையில முக்கினா. திரும்பவும் பாத்தா. பெறகு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அந்த வெள்ளையைத் துடைச்சு எடுத்துட்டு, ஏணியை விட்டு இறங்கி வந்து முதலாளி முன்னால நின்னா. அவ அவ்வளவு பேசி நாங்க கேட்டதே இல்ல.

"முதலாளி, இத்தன வருசம் நான் கையைத் தப்பாத்தான் வரைஞ்சேன், தெரியாம வரைஞ்சேன், அதுல வெக்கமில்ல. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுகிட்டு எப்படி முதலாளி தப்பா வரைய?"

"அப்ப கிரேடிங் வேண்டாமா?"

"வேணும்"னா லில்லி. அழுதுட்டேதான் சொன்னா. "ஆனா முடியல."

முதலாளி அன்னைக்குச் சாயங்காலமே வெள்ளையடிக்கிற ஆளுகளை வரவழைச்சாரு. நீலச் சேலை, அட்டியல், சிரிப்பு, கை, எல்லாத்துக்கும் மேல சுண்ணாம்பு. அடிச்சு முடியுற வரைக்கும் அந்தக் கை கும்பிட்டுட்டே நின்னுது, எங்க கும்பிடு, நடுவுல ஓட்டையோட. பஸ் டிரைவர் வளைவுல வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து பாத்துட்டு, தொப்பியைக் கழத்திட்டுப் போனாரு.

திங்கக்கிழமை லில்லி ஷெட்டுக்கு வந்தா. அவளுக்க இடம் வாசல் சுவருக்கு உள்பக்கம், சுவர்ல முதுகு சாய்ச்சு இருப்பா. இருந்தா, சாம்பல் டப்பாவைத் திறந்தா, நான் அதைப் பிடுங்கிக்கிட்டேன்.

"தொடாத. ஒனக்க கை தல்லுற கை இல்ல, வரையுற கை. நீ சும்மா இரி."

நான் தல்லின பருப்புல ஒரு கை அள்ளி அவளுக்கத் தட்டுல போட்டேன். எஸ்தர் ஒரு கை போட்டா. ஜெபமணி போட்டா. பின்வரிசையில இருந்து பூமணி அக்கா எழும்பி வந்து போட்டா. யாரும் பேசி வைக்கல, ஒருத்திக்க கையைப் பாத்து மத்தவளுக்க கை தானா அள்ளுது. பத்து மணிக்குள்ள லில்லிக்கத் தட்டு நெறைஞ்சுபோச்சு. வில்சன் பாத்தாரு, பாக்காத மாதிரி அந்தப் பக்கம் போய்ட்டாரு, அவருக்கும் ஒரு நெஞ்சு இருக்கு.

ஆனா முதலாளி பாத்துட்டாரு. அவரு வாசல்லயே நின்னு சத்தம் போட்டாரு, மனுசன் அவ்வளவு சத்தம் போட்டு நாங்க கேட்டதில்ல, தோத்த ஆளுக்குத்தான் அந்தச் சத்தம் வரும்.

"இது சத்திரமா, ஆபீஸா? கேட்டுக்கிடுங்க எல்லாரும். அவளவளுக்க வேலையை அவளவளுக்க கைதான் செய்யணும். ஒருத்திக்கத் தட்டுல இன்னொருத்திக்க கை விழுந்தா ரெண்டு பேருக்கும் நாளையில இருந்து வேலை கிடையாது. லில்லிக்க வேலையை லில்லிக்க கை செய்யட்டும். நான் இங்கயே நிக்கேன், செய்யட்டும் பாப்போம்."

ஷெட்டுல ஒரு கட்டை கூட அடிக்கல. எங்க எல்லாருக்கும் வீடு இருக்கு, வீட்டுல அடுப்பு இருக்கு, நாங்க என்ன செய்ய? லில்லி எனக்கக் கையில இருந்து டப்பாவை மெதுவா வாங்கினா. சாம்பலைப் பூசினா. அண்டி ஒண்ணை எடுத்துக் கல்லுல வச்சு, இடது கையால பிடிச்சு, விறைச்ச ரெண்டு விரலோட கட்டையைத் தூக்கினா.

தூக்கின கட்டை தூக்கின இடத்துலயே நின்னுது. அவளுக்குப் பின்னால, சுவருக்கு உள்பக்கத்துல இருந்து, ரெண்டு கை வந்து கட்டையைப் பிடிச்சிருந்துது. வெளிய சுண்ணாம்பு அடிச்சா பின்ன அதுக எங்க போகும், உள்ள வந்திருக்குதுக. வலது கை கட்டையை அவ பிடியில இருந்து பைய வாங்கிட்டுது, இடது கை அவ விரலுக்கு நடுவுல இருந்து அண்டியை எடுத்துட்டுது. லில்லி தன்னால ஒதுங்கி இடம் கொடுத்தா. கைக ரெண்டும் அவளுக்க இடத்துல, அவளுக்கக் கல்லுல, தல்லத் தொடங்கிச்சு. ஒரு அடிக்கு ஒரு அண்டி, ஓடு ரெண்டாப் பிளக்கும், பருப்பு முழுசா விழும், ஒண்ணு கூட ஒடையல. எண்ணெய் தெறிக்குது, அதுகளுக்கு ஒண்ணும் ஏறல.

முதலாளி நெருங்கி வந்தாரு. "இது என்ன?"ன்னாரு. கேட்டது கையைப் பத்தி இல்ல. "நான் என்ன சொன்னேன்? லில்லிக்க கைதான் செய்யணும்னு சொன்னேனா இல்லியா?"

நான் எழும்பினேன்.

"சொன்னீங்க முதலாளி. அதுதான் நடக்குது. அந்தக் கையை யாரு செய்தா? எலும்பு எலும்பா, நரம்பு நரம்பா யாரு உண்டாக்கினா? நீங்க செய்தீங்களா, நான் செய்தேனா? எனக்க நரம்பு அதுல இருக்குன்னு நான் சண்டை போட்டுருக்கேன், பொய் சொன்னேன். அது அவ கண்டுபிடிச்ச கை. ஏணியில நின்னு நின்னு, அழிச்சு அழிச்சு வரைஞ்ச கை. உலகத்துல வேற எந்தக் கையை விடவும் அது அவளுக்க கை. லில்லிக்க கைதான் லில்லிக்க வேலையைச் செய்யுது, வேணும்னா சுவரைக் கேட்டுப் பாருங்க."

சுவர்ல இருந்து கை ஒரு நிமிசம் நின்னு, மொகமில்லாட்டியும் நெத்தி இருக்கிற இடத்துல மணிக்கட்டால வேர்வையைத் துடைச்சுட்டுத் திரும்பத் தல்லிச்சு. பூமணி அக்கா எழும்பி எனக்குப் பக்கத்துல வந்து நின்னா. எஸ்தர் எழும்பினா. எல்லாரும் எழும்பினாங்க. முதலாளி அந்தக் கையையே பாத்துட்டு நின்னாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. முதல்முறையா அதை ஒழுங்காப் பாக்குறாருன்னு தோணிச்சு. அவரு தொழிலாளிக முன்னால சொன்ன சொல்லை மாத்துற ஆளில்ல, அந்த ஒரு குணம் அவருக்கு உண்டு.

"வில்சன்"னாரு. "எடை போடு. லில்லிக்கப் பேருல எழுது."

அவ்வளவுதான், திரும்பி நடந்துட்டாரு. ஷெட்டுல எழும்பின சத்தத்துல கூரை ஓடு மேல இருந்த காக்கா எல்லாம் பறந்துபோச்சு. நான் லில்லியைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், எஸ்தர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா, ஜெபமணி யாரையும் கட்டிப் பிடிக்காம தனியா நின்னு அழுதா.

லில்லி மட்டும் அழல. பம்படிக்குப் போய்ச் சாம்பலைக் கழுவிட்டு வந்து, தல்லிட்டு இருக்கிற அந்தக் கைக்கு முன்னால குந்தி இருந்து, தலையை அந்தப் பக்கம் சாய்ச்சும் இந்தப் பக்கம் சாய்ச்சும் பாத்தா. "அக்கா, மணிக்கட்டுல எலும்பு முட்டுற இடத்தை நான் சரியாப் பாக்கல போல. கொஞ்சம் கீழ வந்திருக்கணும்"னா. சாவு வாசல்ல இருந்து தப்பிச்சு வந்தவ பேசுற பேச்சா இது? ஆனா மொகத்தைப் பாத்தேன், அப்படியொரு நிமிர்வு.

கரிஞ்ச ஓட்டுத் துண்டு ஒண்ணை எடுத்து, கல்லுல உரசிக் கூராக்கி, சுவரைப் பாத்துச் சொன்னா.

"செத்த நேரம் அசையாம இரி."

அந்தக் கை கட்டையைக் கீழ வச்சுட்டு, மணிக்கட்டை அவளுக்கு நேராத் திருப்பிக் காட்டிச்சு.